திரளை அறிதலும் தனியொன்றை அறிதலும்

'அறிவேன்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பலமுறை வழங்குகின்றோம். அச்சொல் நம்மேற் சுமத்தும் பொறுப்பினைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்றை அறிவேன் எனக் கூறுபவர் தம் மனநிலையை வெளியிடுவதோடு நின்றுவிடுவதில்லை. கேட்போர் அதனை நம்பி நடக்கலாம் என்னும் உறுதியையும் உடன் அளிக்கின்றார். ஆதலின், எவ்வளவு சான்று கிடைத்தபின் 'அறிவேன்' எனலாம் என்னும் வினா அளவையியலுக்கு உரியதாவதோடு ஒழுக்கவியலுக்கும் உரியதாகின்றது.

இப்பழைய வினாவை அண்மைக்கால விஞ்ஞான முயற்சியொன்று புதியதொரு வடிவில் எழுப்பியுள்ளது. தென்முனையின் பனிக்கட்டியினுள் அமைந்துள்ள ஐஸ்கியூப் என்னும் நியூத்திரினோத் தொலைகாட்டியைச் சார்ந்த ஆய்வாளர், நமது பால்வீதி மண்டலத்திலிருந்து உயர்சக்தி நியூத்திரினோக்கள் வருகின்றன என்பதற்கான சான்றினை 2023ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் வெளியிட்டனர். பத்தாண்டுக் காலத் தரவுகளிலிருந்து தெரிந்தெடுத்த ஏறக்குறைய 60,000 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து அவர்கள் அம்முடிவுக்கு வந்தனர். ஆயின், 'அவற்றுள் எது பால்வீதியிலிருந்து வந்தது? ஒன்றையேனும் சுட்டிக் காட்டுக' என ஒருவர் கேட்பாராயின், அவர்களால் உறுதியாகச் சுட்டிக் காட்டவியலாது. திரளுக்குள் அவை உள்ளன என்பதற்கு வலிய சான்றுண்டு. திரளின் தனியுறுப்பு எதனைப் பற்றியும் அவ்வாறு கூறச் சான்றில்லை. இத்தகைய அறிவு அறிவாகுமா? ஆகுமாயின், அதனை உடையோர் எவ்வளவு சொல்லலாம், எவ்விடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பௌதிகவியலாரின் முயற்சியிலிருந்து வினாக்கள் பிறந்தனவாயினும், அவை அவர்க்கு மட்டும் உரியனவல்ல.

துகளும் அதன் பயனும்

நியூத்திரினோ மின்னேற்றமற்ற, மிகச் சிறிய திணிவுடைய துகளாகும். பீற்றாத் தேய்வின்போது சக்தியின் ஒரு பகுதி கணக்கில் அகப்படாது போவதை விளக்கும்பொருட்டு வொல்ப்காங் பௌலி 1930இல் இத்தகைய துகளொன்றினைக் கருதுகோளாக முன்வைத்தார். என்றிக்கோ பேர்மி அதற்குக் கோட்பாட்டு வடிவமளித்தார். 1956ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவில் அணுவுலையொன்றின் அருகே கிளைட் கௌவனும் பிரெடரிக் ரைன்சும் அதனைப் பரிசோதனை வாயிலாகக் கண்டறிந்தனர். கருதுகோளுக்கும் கண்டறிதலுக்குமிடையே இருபத்தாறு ஆண்டுகள் சென்றமைக்குக் காரணம், இத்துகள் பொருளோடு மிக அரிதாகவே தாக்கமுறும் இயல்பினதாதலே. சூரியனிற் பிறந்த நியூத்திரினோக்கள் ஏறக்குறைய 6,500 கோடி, செக்கன்தோறும் நம்முடலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பினையும் ஊடுருவிச் செல்கின்றன. நாம் அதனை உணர்வதில்லை.

பற்றிக்கொள்ள அரிதான இவ்வியல்பே அதன் பயனுமாகும். 1912ஆம் ஆண்டில் விக்டர் ஹெஸ் பலூனில் உயரச் சென்று, மேலே செல்லச்செல்லக் கதிர்வீச்சு மிகுவதைக் கண்டதிலிருந்து, விண்ணிலிருந்து மிகுசக்தி வாய்ந்த துகள்கள் பூமியைத் தாக்குகின்றன என்பது தெரிய வந்தது. அண்டக் கதிர்கள் எனப்படும் அவற்றுட் பெரும்பாலானவை புரோத்தன்கள். அவை எங்குப் பிறந்து இவ்வளவு சக்தியைப் பெற்றன என்பது நூறாண்டு கடந்தும் முற்றாகத் தீராத வினாவாக உள்ளது. மின்னேற்றமுடைய துகள் விண்வெளியின் காந்தப் புலங்களால் வளைந்து வளைந்து வருகின்றது. வந்து சேரும் திசை புறப்பட்ட திசையைக் காட்டுவதில்லை. காமாக் கதிர் வளையாது வரும். ஆனால் புரோத்தன்களாலும் இலத்திரன்களாலும் அது தோன்றக்கூடுமாதலின் அதன் சாட்சியம் இருபொருள்படுகின்றது. புரோத்தன் போன்ற துகள்கள் வாயுவோடு மோதும்பொழுது மட்டும் காமாக் கதிரோடு உயர்சக்தி நியூத்திரினோவும் பிறக்கின்றது. எனவே நேர்ப்பாதையில் வந்து, தன் பிறப்பின் காரணத்தையும் உடன் உணர்த்தும் தூதாக அது கருதப்படுகின்றது.

நாம் வாழும் பால்வீதி, விண்மீன்களும் வாயுவும் தூசும் செறிந்த தட்டு வடிவினது. அதனுள் இருந்துகொண்டே நாம் அதனை நோக்குவதால், இரவு வானிற் கிடக்கும் வெண்ணிறப் பட்டையாக அது தோன்றுகின்றது. அப்பட்டை நெடுகக் காமாக் கதிர்கள் வருவதைச் செய்மதிகள் முன்னரே பதிவுசெய்துள்ளன. அண்டக் கதிர்கள் பால்வீதியின் வாயுவை மோதுகின்றன எனின், நியூத்திரினோக்களும் பிறந்தே ஆகவேண்டும். காரணத்தைக் கொண்டு காரியத்தை முன்னறியும் இத்தகைய அனுமானத்தை நியாய நூலார் பூர்வவத் என்பர். கருமுகிலைக் கண்டு மழை வருமென்பது அவர்தம் எடுத்துக்காட்டு. ஆயினும் மழை வருமென்பது வேறு. மழை பெய்ததென்பது வேறு.

காட்சியும் கருதலும்

ஐஸ்கியூப், அந்தாட்டிக்காவின் பனிக்கட்டியில் 1,450 மீற்றர் முதல் 2,450 மீற்றர் வரையான ஆழத்தில், 86 வடங்களிற் கோக்கப்பட்ட 5,160 ஒளியுணர் கோளங்களால் அமைந்தது. அது அளாவி நிற்கும் பனிக்கட்டியின் கனவளவு ஒரு கனகிலோமீற்றர். 2010 டிசம்பரில் அதன் கட்டுமானம் நிறைவுற்றது. பிரான்சின் துலோன் நகருக்கு அப்பால் மத்தியதரைக் கடலின் அடியில், 12 வடங்களைக் கொண்ட அந்தாரெஸ் என்னும் தொலைகாட்டி 2008இல் முழுமை பெற்று 2022 பெப்ரவரி வரை இயங்கியது. பனிக்கட்டியும் ஆழ்கடலும் இருண்டவை, ஒளியைக் கடத்துபவை; ஆதலாலேயே அவ்விடங்கள் தெரிவு செய்யப்பட்டன.

இத்தொலைகாட்டிகள் நியூத்திரினோவைக் காண்பதில்லை. எப்போதோ ஒரு நியூத்திரினோ பனிக்கட்டியின் அல்லது நீரின் அணுக்கருவொன்றைத் தாக்கும். அத்தாக்கத்தில் மின்னேற்றமுடைய துகள்கள் பிறக்கும். அவை அவ்வூடகத்தில் ஒளி செல்லும் வேகத்தினும் விரைந்து செல்கையில் செரன்கோவ் ஒளி எனப்படும் மங்கிய நீலவொளி தோன்றும். ஒவ்வொரு கோளத்தையும் அவ்வொளி அடைந்த நேரத்தையும் அதன் அளவையும் கொண்டு, துகள் வந்த திசையும் சக்தியும் கணிக்கப்படுகின்றன. ஒளியிலிருந்து துகள், துகளிலிருந்து நியூத்திரினோ, அதிலிருந்து வந்த திசை, திசையிலிருந்து பிறப்பிடம் எனப் படிபடியாகச் செல்லும் இத்தொடரில் முதற்படி மட்டுமே காட்சி, ஏனையவெல்லாம் கருதல்.

சிவஞான சித்தியாரின் அளவையியற் பகுதி, பல்வேறு சமயத்தார் கொண்ட அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகின்றது. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே பிரமாணமாகும் என்பதும் நம் மரபின் துணிபு. அனுமானத்துக்கு நம் நூலார் வழக்கமாகக் காட்டும் சான்று, மலைமீது புகை கண்டு ஆங்குத் தீ உண்டெனத் துணிவதாகும். அத்துணிபுக்கு அடிப்படை, புகையுள்ள இடத்திலெல்லாம் தீ உண்டென்னும் நீங்காத் தொடர்பு. கண்டது புகையன்றி மூடுபனியாயின் அனுமானம் பிழைபடும்.

நியூத்திரினோ ஆய்வில் மூடுபனி மிகுதி. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தை மோதுவதாற் பிறக்கும் மியூவோன்கள், செக்கனுக்கு 2,500க்கும் மேற்பட்டவையாக ஐஸ்கியூப்பினூடு செல்கின்றன. இவற்றைத் தவிர்க்கப் பூமியையே சல்லடையாகப் பயன்படுத்துவர். கீழிருந்து மேலாக, பூமியைத் துளைத்து வரும் துகள் மியூவோனாக இருத்தல் இயலாது. அது நியூத்திரினோவிற் பிறந்ததாகவே இருத்தல் வேண்டும். எனினும் வளிமண்டலத்திலேயே பிறந்த நியூத்திரினோக்களும் பூமியைத் துளைத்து வருவன. இவ்வளிமண்டல நியூத்திரினோக்கள் முதன்முதலாக 1965இல் தென்னாபிரிக்காவின் சுரங்கமொன்றிலும், தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் உழைத்த கோலார் தங்கவயலின் ஆழத்திலும் பதிவாயின. அன்று பெருங்கண்டுபிடிப்பாகப் போற்றப்பட்டவை இன்று விலக்க வேண்டிய இடையூறாகியுள்ளன.

ஈண்டு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. மூடுபனிக்கும் புகைக்கும் இயல்பில் வேறுபாடுண்டு. அருகிற் சென்றால் எது எதுவெனத் தெளியலாம். வளிமண்டலத்திற் பிறந்த நியூத்திரினோவும் பால்வீதியிற் பிறந்த நியூத்திரினோவும் ஒரே வகைத் துகள்கள். எங்குப் பிறந்தோம் என்னும் முத்திரை எதுவும் அவற்றில் இல்லை. பலவற்றைச் சேர்த்து நோக்கும்பொழுது, எத்திசையில் எத்தனை, எச்சக்தியில் எத்தனை என்னும் எண்ணிக்கையிலேயே வேறுபாடு தலைகாட்டுகின்றது.

இரு சான்றுகளைச் சேர்த்தல்

பால்வீதியின் மையம் தென்வானில் உள்ளது. தென்முனையில் நிற்கும் ஐஸ்கியூப்புக்கு அது எப்பொழுதும் அடிவானத்துக்கு மேலே இருப்பதால், அத்திசையில் பூமி சல்லடையாக உதவுவதில்லை. மியூவோன் வெள்ளம் நேரே இறங்குகின்றது. மத்தியதரைக் கடலிலிருந்து நோக்கினால், நாளின் பெரும்பகுதியில் அம்மையம் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். ஆகவே பெரிய தொலைகாட்டி வசதி குறைந்த இடத்திலும், சிறிய தொலைகாட்டி வசதி மிக்க இடத்திலும் அமைந்துவிட்டன. இரண்டன் குறைகளும் ஒன்றையொன்று நிரப்பவல்லன.

இதனைக் கருதி இரு குழுவினரும் அந்தாரெஸ்சின் பத்தாண்டுத் தரவுகளையும் ஐஸ்கியூப்பின் ஏழாண்டுத் தரவுகளையும் இணைத்து ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டனர். இணைத்தல் என்பது இரண்டு விடைகளைக் கூட்டிச் சராசரி காண்பதன்று. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எடுத்து, 'பால்வீதி நியூத்திரினோக்களே இல்லையெனின் இத்திசையில் இச்சக்தியில் இத்தகைய நிகழ்ச்சி எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது? அவை உண்டெனின் எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது?' என வினவுகின்றனர். அந்தாரெஸ்சின் நிகழ்ச்சிக்கு அந்தாரெஸ்சின் திசைப்பிழையும், ஐஸ்கியூப்பின் நிகழ்ச்சிக்கு ஐஸ்கியூப்பின் திசைப்பிழையும் கணக்கிற் கொள்ளப்படும். பின்னர் அவ்விடைகளையெல்லாம் சேர்த்து, எக்கருதுகோள் முழுத்திரளையும் நன்கு விளக்குகின்றது எனக் காண்கின்றனர். நீதிமன்றில் ஒருவர் தூரத்தில் நின்று கண்டவராகவும் மற்றொருவர் மங்கிய ஒளியிற் கண்டவராகவும் இருப்பின், நல்ல நீதிபதி இருவரையும் தள்ளிவிடுவதில்லை. ஒவ்வொருவரின் குறையையும் அறிந்து அதற்கேற்ப அவர் சொல்லுக்கு எடை தருகின்றார். ஈண்டும் அதுவே நிகழ்கின்றது.

அம்முயற்சியில் குறிப்பிடத்தக்க மிகுதி எதுவும் காணப்படவில்லை. 'கண்டோம்' என்று சொல்ல விரும்பிப் பதினேழு ஆண்டுத் தரவுகளைத் திரட்டியோர், 'காணவில்லை' என்றே எழுதினர். எனினும், அவர்கள் சோதித்த மாதிரி முன்னுரைத்த அளவினும் பெரிதாகப் பால்வீதியின் பங்கு இருத்தல் அரிது என்னும் எல்லையை அது வகுத்துத் தந்தது. இல்லை என்று மறுப்பதற்கும், இவ்வளவுக்கு மேல் இல்லை என்று வரையறுப்பதற்குமுள்ள வேறுபாட்டை இம்முடிவு நன்கு காட்டுகின்றது.

எண்ணின் பொருள்

2023இன் ஆய்வு வேறொரு வழியைக் கையாண்டது. மியூவோன் போல நீண்ட தடம் பதிக்காது, ஏறக்குறையக் கோளவடிவில் ஒளியைப் பரப்பும் நிகழ்ச்சிகளை மட்டும் அது தெரிந்தெடுத்தது. இவ்வகையில் மியூவோன்களின் தொல்லை குறைவு. ஆனால் திசையோ பல பாகை அளவு தெளிவற்றது. இயந்திரக் கற்றல் முறைகளால் முன்னையினும் மிகுதியான நிகழ்ச்சிகளைத் தெரிந்தெடுக்கவும் அவற்றின் திசையைச் செம்மையாகக் கணிக்கவும் இயன்றது.

பால்வீதியின் நியூத்திரினோ ஒளிர்வு எவ்வாறு பரந்திருக்கும் என்பதற்கு முன்னரே வகுக்கப்பட்ட மூன்று மாதிரிகள் சோதிக்கப்பட்டன. மிகப் பொருந்திய மாதிரிக்குக் கிடைத்த முதலெண் 4.71 நியமவிலகல். மூன்று முறை முயன்று பார்த்தவருக்கு அவற்றுள் ஒன்று தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்புக் கூடுமாதலின், அதற்குரிய கழிவைச் செய்து 4.5 என்றே அறிவித்தனர். தாமே தம் சான்றின் எடையைக் குறைத்துக் கூறும் இவ்வழக்கம் ஒழுக்கவியல் மாணவரின் கவனத்துக்கு உரியது. மற்றொரு வழக்கமும் அத்தகையது. ஆய்வுமுறை முற்றாக வகுக்கப்படும்வரை நிகழ்ச்சிகளின் உண்மையான வான்திசைகள் மறைக்கப்பட்டு, எழுமாற்றாகக் கலைக்கப்பட்ட தரவுகளே பயன்படுத்தப்படுகின்றன. விரும்பிய விடை வரும்வரை முறையை மாற்றிக்கொண்டே செல்லும் மனித இயல்பினை அவர்கள் அறிந்து, அதற்கெதிராகத் தம்மைத் தாமே கட்டிக்கொள்கின்றனர்.

4.5 நியமவிலகல் என்பதன் பொருள் யாது? பால்வீதி நியூத்திரினோக்கள் இல்லவே இல்லையெனினும், வெறும் தற்செயலால் இவ்வளவு மிகுதி தோன்றுதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 3 இலட்சத்தில் ஒன்று என்பதே. 'இம்முடிவு பொய்யாதற்கான வாய்ப்பு 3 இலட்சத்தில் ஒன்று' எனப் பலர் இதனை மாற்றிப் படிப்பர். அது தவறு. கருவியின் பிழையோ மாதிரியின் பிழையோ இக்கணக்கினுள் முழுமையாக அடங்குவதில்லை. துகட் பௌதிகவியலார் கண்டுபிடிப்பு என்னும் சொல்லை 5 நியமவிலகலுக்கு, அதாவது ஏறக்குறைய 35 இலட்சத்தில் ஒன்று என்னும் அளவுக்கு, ஒதுக்கி வைத்துள்ளனர். அவ்வெல்லை இயற்கை வகுத்ததன்று. அவசரப்பட்டு ஏமாந்த அனுபவங்களின் பின்னர் மனிதர் தமக்கு விதித்துக்கொண்டது.

திரளும் தனியும்

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். அறுபதினாயிரம் நிகழ்ச்சிகளுள் ஒவ்வொன்றுக்கும் உறுதியான ஒரு பிறப்பிடம் உண்டு. ஒரு குறிப்பிட்ட நியூத்திரினோ வளிமண்டலத்திலோ பால்வீதியிலோ அதற்கப்பாலோ பிறந்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பால்வீதியிலும் எஞ்சியது வேறிடத்திலும் ஒரு துகள் பிறப்பதில்லை. 'இந்நிகழ்ச்சி பால்வீதியைச் சேர்ந்ததாதற்கு வாய்ப்பு இவ்வளவு' எனும்பொழுது அந்தப் பின்னம் துகளின் இயல்பைக் குறிப்பதன்று. நம் அறிவின் நிலையைக் குறிப்பது. உண்மை உளதாதலும் அவ்வுண்மை நமக்கு எட்டுதலும் வேறு வேறாதலை இவ்விடத்திற் காண்கின்றோம்.

மலைப்புகை அனுமானம் இம்மலையில் தீ உண்டு என ஒரு தனியிடத்தைச் சுட்டி முடிகின்றது. நியூத்திரினோ அனுமானமோ சுட்டுதற்கு ஒரு மலை இன்றியே முடிகின்றது. நீங்காத் தொடர்பும் இதற்கு இல்லை. பால்வீதியின் திசையில் வரும் துகள்களெல்லாம் பால்வீதியிற் பிறந்தனவல்ல. ஆகவே, பழைய இலக்கணத்தின்படி இது ஐயமன்றி அறிவாகாது என ஒருவர் வாதிக்கலாம். அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று.

எனினும், ஐயத்தை அறிவிலிருந்து பிரிப்பது யாது என்பதை நோக்குதல் வேண்டும். ஐயமுடையவர் இருபுறமும் ஊசலாடுகின்றார். எது நேரினும் அவர் கூற்றுப் பொய்ப்படுவதில்லை. நியூத்திரினோ ஆய்வாளர் கூற்றோ பொய்ப்படக்கூடியது. மேலும் பத்தாண்டுத் தரவு சேர்ந்தபின் மிகுதி வளராது கரையுமாயின், மத்தியதரைக் கடலிற் கட்டப்படும் புதிய தொலைகாட்டி அத்திசையில் எதனையும் காணாதாயின், அவர்கள் கூற்றுத் தோற்கும். தோற்கக்கூடிய இடத்தை முன்கூட்டியே காட்டி நிற்கும் கூற்றே விஞ்ஞானக் கூற்றென்பது கார்ல் பொப்பரின் கொள்கை. அவ்வளவையால், திரளைப் பற்றிய இவ்வறிவு ஐயத்தின் வேறானதே. அது கருதலின் ஒரு வகை. அதன் பொருள் தனியொன்றன்று, திரள் என்பதே அதன் சிறப்பு.

அவ்வாறாயின் தனியொன்றை ஒருபோதும் அறியவியலாதா? இயலும், ஆனால் அதற்கு வேறு சான்று வேண்டும். 1987 பெப்ரவரி 23ஆம் நாள், பெரிய மகெலன் முகிலில் வெடித்த விண்மீனொன்றின் நியூத்திரினோக்கள் யப்பானிலும் அமெரிக்காவிலும் கோக்கசசிலும் இருந்த மூன்று கருவிகளில், மொத்தம் ஏறக்குறைய 25, சில செக்கன்களுள் பதிவாயின. அக்குறுகிய நேரத்தில் இடையூறு ஏறக்குறைய இல்லையாதலின், அவை ஒவ்வொன்றையும் சுட்டிக் கூறுதல் பெரும்பாலும் பொருந்திற்று. 2017 செப்டெம்பர் 22ஆம் நாள் ஐஸ்கியூப்பிற் பதிவான ஒற்றை நியூத்திரினோ வேறொரு பாடம் புகட்டுகின்றது. அதன் சக்தியையும் திசையையும் மட்டும் கொண்டு நோக்கின், அது விண்ணிற் பிறந்ததாதற்கு வாய்ப்பு 56.5 வீதமே எனக் கணிக்கப்பட்டது. அதே திசையில், நம் பால்வீதிக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு விண்மண்டலம் அவ்வேளையிற் காமாக் கதிரில் வழமையினும் மிக ஒளிர்ந்ததைச் செய்மதியொன்று கண்டது. அவ்வேறு சாட்சி சேர்ந்த பின்னரே அந்த ஒன்றைப்பற்றிப் பேச வழி பிறந்தது. அப்பொழுதும் ஏறக்குறைய 3 நியமவிலகல் என்ற அடக்கத்தோடேயே பேசினர். தனியொன்றைப் பற்றிப் பேசுதற்குத் தனியொன்றுக்கே உரிய சான்று வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

உரைப்போர் கடமை

ஐஸ்கியூப் குழுவில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் உளர். பனிக்கட்டியின் இயல்பை அளந்தவர் ஒருவர். கணினி நிரலை எழுதியவர் மற்றொருவர். அண்டக் கதிர் மாதிரியை வகுத்தவர் அக்குழுவிலேயே இல்லாதவராயும் இருக்கலாம். முழு முடிவையும் அடிமுதல் முடிவரை தாமே சோதித்தறிந்தவர் எவருமிலர். ஆகவே மூன்றாம் அளவையாகிய உரை, இவ்விஞ்ஞானத்தின் நடுவிலேயே இடம்பெறுகின்றது. உரை பிரமாணமாதற்கு உரைப்பவர் ஆப்தராதல் வேண்டும் என்பர் நம் நூலார். பொருளை உள்ளவாறு அறிந்தவரும், அறிந்தவாறே கூறுபவரும் ஆப்தர்.

2011 செப்டெம்பரில் இத்தாலியின் ஒபெரா என்னும் பரிசோதனைக் குழுவினர், நியூத்திரினோக்கள் ஒளியினும் விரைந்து வந்தனவாகத் தம் அளவீடு காட்டுகின்றதென அறிவித்தனர். வேறுபாடு 60 நனோசெக்கன். தம்மாற் பிழையைக் காணமுடியவில்லை என்றும் பிறர் ஆராய்தல் வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டனர். 2012இல் ஒளியிழை இணைப்பொன்று சரிவரப் பொருந்தாமையே முக்கிய காரணமெனத் தெரிந்தது. அதனை அவர்களே அறிவித்தனர்; குழுவின் தலைவர் பதவி விலகினார். அவர்கள் முதலிற் கூறியது உண்மையன்று. ஆயினும் தாம் அறிந்த அளவும் அறியாத அளவும் மறையாது கூறினமையின், அவர்தம் உரை நம்பிக்கைத் துரோகம் ஆகவில்லை. பிழையின்மையினும் பிழையை வெளிப்படுத்தும் ஒழுங்கே இன்று ஆப்தத் தன்மைக்கு அடிப்படையாகின்றது.

இருவகைத் தவறுகள்

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, மனித வாழ்வில் அடிக்கடி நிகழும் இருவகைத் தவறுகளை இனங்காணலாம்.

முதலாவது, திரளைப் பற்றிய கூற்றைத் தனியாள்மேல் ஏற்றுதல். இந்நாட்டிற் போர்க்காலத்தில் அடையாள அட்டையிலுள்ள பெயரும் பிறந்த ஊருமே ஒருவரைத் தடுத்துவைத்து விசாரிக்கப் போதிய காரணமாகக் கொள்ளப்பட்டமையை நம் பெற்றோர் தலைமுறை அறியும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டபொழுதும், 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் அச்சமூகத்தினர் பலர் தாம் அறியாத குற்றத்துக்காக ஐயக்கண்கொண்டு நோக்கப்பட்டபொழுதும் செயற்பட்டது இதே தருக்கமே. ஒருமுறை இதற்கு இரையானோர் மறுமுறை இதனையே பிறர்மேற் செலுத்த நேர்ந்ததை நாம் மறைத்தல் ஆகாது. இவற்றில் திரளைப் பற்றிய கூற்றே சோதிக்கப்படாத ஊகம். ஒரு பேச்சுக்கு அது சோதிக்கப்பட்டதாகக் கொள்ளினும், திரளிலிருந்து தனியாளுக்கு இறங்கும் வழி அதனால் திறப்பதில்லை. உயிரற்ற ஒரு துகளைப் 'பால்வீதிக்குரியது' எனத் தவறாகச் சுட்டினால் அத்துகளுக்கு வருத்தமில்லை. அங்கேயே இவ்வளவு அடக்கம் வேண்டப்படுமாயின், பிழையின் விலையை உயிரும் மானமும் கொடுத்துத் தீர்க்கும் மனிதர்பால் எவ்வளவு அடக்கம் வேண்டும்?

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. தனியொன்றையும் சுட்டிக் காட்டவியலவில்லை. ஆகவே திரளே இல்லை என்பது. 1950இல் றிச்சட் டொல், பிராட்பேட் ஹில் ஆகியோரின் ஆய்வு புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பைக் காட்டியபின்னும், இக்குறிப்பிட்ட நோயாளியின் நோய் புகையிலையால்தான் வந்ததென நிறுவவியலுமா எனப் புகையிலை நிறுவனங்கள் நெடுங்காலம் வாதாடின. ஒரு நோயாளியைப்பற்றி நிறுவவியலாமை, ஆயிரக்கணக்கானோரைப்பற்றி நிறுவப்பட்டதை அழித்துவிடாது. பெருந்தொகையான மக்களுக்கு நேர்ந்த கேட்டினை, ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனிச் சான்று கேட்டு இல்லையாக்க முயலும் வாதங்களும் இவ்வகையினவே.

செயற்படவேண்டிய நெருக்கடியில் 5 நியமவிலகல் வரை காத்திருத்தல் இயலாதே என ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நேரியது. வைத்தியர் ஐயத்தோடேயே மருந்து தருகின்றார். வெள்ளம் வருமென ஐயுற்றவுடன் மக்களை மேட்டுநிலத்துக்கு அனுப்புதல் வேண்டும். ஆயின், செயற்படுதல் வேறு, 'அறிவேன்' எனல் வேறு. ஐயத்தோடு செயற்படுபவர், ஐயத்தோடே செயற்படுகின்றேன் எனக் கூறவும், பின்னர் திருத்திக்கொள்ளவும் கடமைப்பட்டவர். பிறரைத் தண்டிக்கும் செயலுக்கோ இந்நெருக்கடி வாதம் பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஏனெனின் தண்டனையைத் திருப்பி எடுத்தல் அரிது.

முடிவுரை

பால்வீதியிலிருந்து நியூத்திரினோக்கள் வருகின்றன என்பதற்கான சான்று இன்று வலியது. அவை வாயுவிற் பரவலாகப் பிறக்கின்றனவா, அன்றித் தனித்தறிய இயலாத பல பிறப்பிடங்களின் தொகுதியாக உள்ளனவா என்பது 2023இன் ஆய்வில் முடிவாகவில்லை. அதனை வெளியிட்டோரே அவ்வாறு எழுதினர். அந்தாரெஸ் தன் பணியை முடித்துக்கொண்டது. சிசிலிக்கு அப்பாலும் துலோனுக்கு அப்பாலும் கே.எம்.3நெற் என்னும் புதிய தொலைகாட்டியின் வடங்கள் இறக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் தரவுகள் தென்முனையின் தரவுகளோடு சேரும்பொழுது இன்றைய கூற்று உறுதிப்படலாம், திருத்தப்படவும் கூடும்.

அதுவரை அவர்கள் செய்துள்ளது இவ்வளவே: எவ்வளவுக்குச் சான்றுண்டோ அவ்வளவு கூறினர், எதனைப் பற்றிச் சான்றுண்டோ அதனைப் பற்றியே கூறினர், தம் சான்றின் குறையைத் தாமே கணக்கிட்டுக் கழித்தனர். அறுபதினாயிரத்துள் ஒன்றையும் பெயர் சொல்லி அழையாது விட்டனர். திரளைப் பற்றி அறிந்தவர் தனியொன்றைப் பற்றிக் காக்கும் இம்மௌனமும் அறிவின் ஒரு பகுதியே. மக்களைப் பற்றிப் பேசும்போது நாம் இதனைக் கடைப்பிடிப்போமாயின், நம்மிடையே வழங்கும் 'அறிவேன்'கள் பல குறையும். எஞ்சுவன நம்பத்தக்கனவாய் இருக்கும்.